கட்டிப்போட்ட முதுகு

ஐம்பது வருடத்துக்கு முன்னால், தீராத இடுப்பு வலியோடு பெரியாஸ்பத்திரியில் சேர்ந்த ஒருவரைப் பார்க்கப் போனவர்களுக்கு அந்தக் கட்டில் நினைவிருக்கும். கால்மாட்டை மரக்கட்டை வைத்து உயர்த்தியிருப்பார்கள். நோயாளியின் இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை. பட்டையிலிருந்து கிளம்பும் கயிறு கட்டிலின் ஓரத்துக் கப்பியில் ஏறி இறங்கும். அதன் நுனியில் இரும்பு எடையோ மணல் மூட்டையோ தொங்கும். "வெயிட் போட்டிருக்காங்க" என்று வீட்டார் பார்க்க வந்தவர்களிடம் பெருமையும் கவலையுமாகச் சொல்வார்கள். இரண்டு வாரம், மூன்று வாரம் இப்படியே போகும். சாப்பாடும் பெட்பேனும் படுத்தபடிதான். வீட்டுக்கு அனுப்பும்போது கம்பி வைத்துத் தைத்த பெல்ட் ஒன்றும், இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் படுக்கச் சொல்லும் அறிவுரையும் கூடவே வரும். குனியாதே, தூக்காதே, தரையில் உட்காராதே என்ற பட்டியல் ஆயுளுக்கும் தொடரும்.

இன்று அதே வலியோடு, விஷயம் தெரிந்த மருத்துவரிடம் போனால் அவர் வயிற்றையும் காலையும் சோதித்து, கால் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நடங்க" என்கிறார். வலிக்கிறது என்று வந்தவனை நடக்கச் சொல்கிறாரே என்று நோயாளிக்குக் கோபம் வருகிறது. ஊசி இல்லை, பெல்ட் இல்லை, ஸ்கேன்கூட எழுதவில்லை. பத்து நிமிடம் பேசினார், அவ்வளவுதான். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அடுத்த மருத்துவரைத் தேடிப் போகிறார்கள்.

கத்தி வைக்காத சிகிச்சையில் கட்டிப்போட்ட காலத்துக்கும் கட்டவிழ்த்த காலத்துக்கும் நடுவே நிறைய நடந்திருக்கிறது. ஆனால் நம் ஊர்த் தெருக்களில் இரண்டு காலமும் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டு உட்கார்ந்திருக்கின்றன.

டிஸ்க்மேல் பழி விழுந்தது 1934-இல். அதற்கு முன் இடுப்பு வலியும் காலுக்கு இறங்கும் குடைச்சலும் வாதம், வாயு, நரம்புப் பிடிப்பு என்று ஆளுக்கொரு பெயரில் உலவின. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்த வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும், முதுகுத் தண்டில் வளர்ந்த கட்டி என்று வெட்டியெடுக்கப்பட்டவற்றில் பல கட்டியே அல்ல, இரண்டு எலும்புகளுக்கு நடுவிலிருந்து பிதுங்கிய டிஸ்க் என்று காட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் அதன் நிழலும் பெரிது. காலில் இறங்கும் நரம்பு வலிக்குச் சொன்ன விளக்கம், மெல்ல மெல்ல எல்லா முதுகு வலிக்கும் பொருந்துவதாக ஆகிவிட்டது. 'ஜவ்வு விலகிடுச்சு' என்ற ஒரு வாக்கியத்தில் மொத்தக் கதையும் முடிந்துவிடும் என்று நாம் நம்பத் தொடங்கியது இங்கிருந்துதான்.

டிஸ்க் எங்கும் விலகி ஓடுவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்போடு இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் பொருள் அது. வெளியே அடுக்கடுக்கான நார் வளையங்கள், உள்ளே நீர் நிறைந்த கூழ். வளர்ந்த மனிதரின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. உணவு, எலும்பின் முகப்புத் தகடு வழியாகக் கசிந்துதான் வர வேண்டும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு, ரத்தத்தில் செலுத்திய சாயம் இந்தத் தகடு வழியாக டிஸ்க்குக்குள் மணிக்கணக்கில் ஊறிப் போவதைத் தொடர் எம்.ஆர்.ஐ. படங்களில் பிடித்தது. 2004-இல் வெளியான அந்த ஆய்வு இத்துறையின் உலகப் பரிசான ஐ.எஸ்.எஸ்.எல்.எஸ். விருதைப் பெற்றது. உணவு இவ்வளவு மெதுவாக வந்து சேரும் இடம் என்பதால் டிஸ்க்கில் தேய்மானம் இளவயதிலேயே தொடங்கிவிடுகிறது. ஃபின்லாந்து இரட்டையர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், மூட்டை தூக்கியதையும் வண்டி ஓட்டியதையும் விடப் பரம்பரைதான் டிஸ்க் தேய்மானத்தை அதிகம் விளக்கியது. 'அன்னைக்கு அந்தக் குடத்தைத் தூக்காம இருந்திருந்தா' என்று முப்பது வருடமாகத் தன்னையே நொந்துகொள்பவர்களுக்கு இந்தத் தகவலை யாரும் சொல்வதில்லை.

படுக்கைக்கு வருவோம். ஓய்வே மருந்து என்பது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மருத்துவர்களின் உறுதியான கொள்கை. 1947-லேயே ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், படுக்கையில் கிடப்பது உடம்புக்கு என்னென்ன கேடு செய்கிறது என்று காரசாரமாக எழுதினார். எலும்பு மருத்துவர்கள் காதில் அது ஏற நாற்பது வருடம் ஆனது. 1986-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ குழு 203 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இரண்டு நாளும் மறுபாதியை ஏழு நாளும் படுக்கச் சொன்னது. வலி தீர்வதில் வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டு நாள்காரர்கள் வேலைக்குப் போகாமல் இழந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு. 1995-இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் இன்னும் எளிமையாகச் சோதித்தார்கள். ஒரு குழு படுத்தது, ஒரு குழு பயிற்சி செய்தது, ஒரு குழு முடிந்தவரை அன்றாட வேலையைப் பார்த்தது. முதலில் எழுந்து நின்றது அன்றாட வேலையைப் பார்த்த குழு. காலுக்கு இறங்கும் நரம்பு வலியாவது படுக்கைக்கு அடங்குமா என்று 1999-இல் நெதர்லாந்தில் பார்த்தார்கள். இரண்டு வாரப் படுக்கை எந்த நன்மையும் செய்யவில்லை.

அந்தக் கப்பியும் எடையும்? டிஸ்க்கை உள்ளே இழுத்துவிடும் என்பது கணக்கு. கட்டிலில் கிடக்கும் உடம்பின் உராய்வைத் தாண்டவே சில கிலோ எடை போதாது என்று 1950-களிலேயே சொல்லிவிட்டார்கள். நோயாளியைக் கட்டிலை விட்டு இறங்காமல் பிடித்து வைப்பதுதான் அதன் உண்மையான பயன் என்று எலும்பு மருத்துவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பதுண்டு. சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு கோக்ரேன் ஆய்வு, இப்படி எடை கட்டி இழுக்கும் ட்ராக்‌ஷனால் வலியிலோ நடமாட்டத்திலோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை என்றது. பெல்ட்டின் கதையும் இதேதான். எலும்பு முறிவுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் அதற்கு வேலை உண்டு. நாள்பட்ட இடுப்பு வலிக்கு வருடக்கணக்கில் அணிவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அறுவை இல்லாமல் டிஸ்க்கை ஒழிக்கும் ஆசை எல்லாக் காலத்திலும் இருந்தது. அதில் மிக விநோதமானது பப்பாளியின் கதை. 1956-இல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த பப்பைன் என்ற நொதியை முயல்களுக்கு ஊசியில் ஏற்றினார். விறைத்து நின்ற காதுகள் துவண்டு தொங்கின. சில நாளில் மறுபடி நிமிர்ந்தன. காதுக் குருத்தெலும்பைத் துவள வைப்பது டிஸ்க் கூழையும் கரைக்குமே என்று லைமன் ஸ்மித் என்ற எலும்பு மருத்துவர் யோசித்தார். பப்பாளியின் இன்னொரு நொதியான கைமோபப்பைனை 1960-களின் தொடக்கத்தில் மனிதர்களின் டிஸ்க்குக்குள் செலுத்தினார். கறி வேகப் பப்பாளிக்காய் போடும் நம் சமையலறைக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. 1982-இல் அமெரிக்க அரசு அனுமதி தந்ததும் ஊசிக்குக் கூட்டம் அலைமோதியது. பலருக்குக் கால் வலி உண்மையாகவே தீர்ந்தது. ஆனால் சிலருக்கு உயிரைப் பறிக்கும் ஒவ்வாமையும், மிகச் சிலருக்குத் தண்டுவட அழற்சியும் பக்கவாதமும் வந்தன. மருந்து செத்தது அதன் தோல்வியால் அல்ல, பயத்தால். 2003-க்குள் அமெரிக்கச் சந்தையிலிருந்தே அது போய்விட்டது. ஆனால் யோசனை சாகவில்லை. 2018-இல் ஜப்பான், காண்டோலியேஸ் என்ற வேறொரு நொதிக்கு டிஸ்க் ஊசியாக அனுமதி கொடுத்தது.

மற்ற ஊசிகளுக்கும் வாக்குறுதி பெரிதாக இருந்தது. டிஸ்க்குக்குள் கம்பி விட்டுச் சூடேற்றும் முறை 1990-களின் இறுதியில் பரபரப்பாகப் பேசப்பட்டது. 2005-இல் ஆஸ்திரேலியாவில், கம்பி மட்டும் விட்டுச் சூடேற்றாமல் விட்ட ஒரு குழுவோடு ஒப்பிட்டபோது இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. தண்டுவட உறைக்கு வெளியே போடும் எபிட்யூரல் ஸ்டீராய்டு ஊசிக்கு 1950-களிலிருந்து வரலாறு உண்டு. டிஸ்க் பிதுங்கி நரம்பு அழுந்திக் கால் வலி துடிக்கும் முதல் வாரங்களில் அது கொஞ்சம் நிம்மதி தரும், சில வாரத் தூக்கம் தரும். அது சின்ன உதவியல்ல. ஆனால் வருடக்கணக்கான முதுகு வலிக்கு மாதாமாதம் போட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு ஆதாரம் இல்லை. 2025-இல் பி.எம்.ஜே. இதழ் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல், நாள்பட்ட முதுகு வலிக்கு இந்த ஊசிகளை வேண்டாம் என்றே அழுத்தமாகச் சொன்னது. வலி மருத்துவர்களில் பலர் இதை ஏற்கவில்லை, விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊசி என்பதாலேயே அபாயம் இல்லாதது என்று நினைப்பவர்கள் 2012-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு மருந்தால் அமெரிக்காவில் 700-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடுப்பு வலிக்கு முதலில் எழுதப்பட்ட பாராசிட்டமால், 2014-இல் சிட்னி ஆய்வில் வெறும் சர்க்கரை மாத்திரையை வெல்லவில்லை. கால் நரம்பு வலிக்கு நம் ஊரிலும் தாராளமாக எழுதப்படும் பிரிகாபலின், 2017-இல் அதே கதி அடைந்தது. அழற்சி குறைக்கும் மாத்திரைகள் சில நாளுக்கு உதவும். வயிறும் சிறுநீரகமும் தாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் படத்தில் நடந்தது. அன்று டிஸ்க்கைப் பார்க்க வேண்டுமானால் முதுகில் ஊசி குத்தி எண்ணெய்ச் சாயம் ஏற்றி எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். அந்தச் சாயமே சிலருக்கு நரம்புச் சவ்வில் தழும்பை உண்டாக்கி, வந்த வலியை விடப் பெரிய வலியைக் கொடுத்துவிட்டுப் போனது. அதனால் வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் அந்தச் சோதனை. இன்று மாவட்டத் தலைநகரங்களைத் தாண்டியும் எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. வலியில்லை, கதிர்வீச்சு இல்லை. கிடைக்கிறது என்பதற்காகவே எடுக்கிறோம். அறிக்கையில் 'எல்-4, எல்-5 டிஸ்க் பல்ஜ், நரம்பு அழுத்தம், தேய்மானம்' என்று இருக்கிறது. அன்று மாலையே குனிந்து செருப்பு மாட்டுவதை நிறுத்திவிடுகிறோம்.

அந்த அறிக்கை எதைச் சொல்லவில்லை என்பது முக்கியம். 1994-இல் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது பல்ஜ், அதாவது டிஸ்க் புடைப்பு, இருந்தது. எல்லா டிஸ்க்கும் நன்றாக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. வலியில்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், டிஸ்க் தேய்மானம் 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு இருந்தது, 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. நரைமுடிக்கு யாரும் ஸ்கேன் அறிக்கை எழுதுவதில்லை.

படம் ஆளை எப்படிப் படுத்தும் என்பதைக் கோயம்புத்தூரிலேயே சோதித்திருக்கிறார்கள். கங்கா மருத்துவமனைக் குழு, நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களில் ஒரு பாதியினருக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ளதை உள்ளபடி விளக்கியது. மறுபாதியினருக்குப் பயப்பட ஒன்றுமில்லை, வயதுக்கான மாற்றங்கள்தான் என்று தைரியம் சொன்னது. சில வாரம் கழித்துப் பார்த்தால், முழு விவரம் கேட்டவர்கள் தங்கள் முதுகைப் பற்றி அதிகம் பயந்தார்கள், வலியும் நடமாட்டமும் அவர்களுக்கே மோசமாக இருந்தது. 2021-இல் வெளியான இந்த ஆய்வை முதுகுத் தண்டு அறுவை மருத்துவர்களே செய்தார்கள் என்பதால் அதற்கு இரட்டை மதிப்பு.

படம் இன்னொரு நல்ல செய்தியையும் கொண்டுவந்தது. பழைய காலத்தில் பிதுங்கிய டிஸ்க் அப்படியே கிடக்கும் என்று நினைத்தார்கள். அதே ஆளை ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தபோதுதான், கண்ணுக்கு நேரே அது கரைந்து காணாமல் போயிருப்பது தெரிந்தது. அதிலும் ஒரு முரண். எவ்வளவு பெரிதாக வெளியே வந்ததோ அவ்வளவு நன்றாகக் கரைகிறது. 2015-இல் தொகுத்த கணக்கின்படி, உடைந்து தனியே விழுந்த துண்டு 96 சதவீதம் பேருக்குச் சுருங்கியது, வெறும் பல்ஜ் 13 சதவீதம் பேருக்குத்தான். உள்ளே அடைபட்டிருக்கும்வரை ரத்தம் எட்டாத கூழ், வெளியே வந்ததும் அந்நியப் பொருளாக அடையாளம் காணப்படுகிறது. விழுங்கு செல்கள் வந்து தின்றுவிடுகின்றன. நார்வேயில் ஹென்ரிக் வெபர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்கள் முதல் வருடம் முந்தி நின்றார்கள், நான்காவது வருடத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பொறுக்க முடிந்தவர்களுக்குப் பொறுப்பது ஒரு சிகிச்சைதான் என்று சொல்ல அதுவே தைரியம் கொடுத்தது.

பயிற்சியின் கதையும் தற்செயலில் தொடங்கியது. 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், காலுக்கு வலி இறங்கிய ஒருவரை அறைக்குள் போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். முந்தைய நோயாளிக்காகத் தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையை யாரும் இறக்கி வைக்கவில்லை. அந்த மனிதர் முதுகு பின்னோக்கி வளைந்தபடியே படுத்துக் கிடந்தார். அன்றைய பாடப்படி அது செய்யவே கூடாத காரியம். சில நிமிடம் கழித்து வந்து பார்த்து மெக்கென்சி பதறினார். நோயாளியோ, வாரக்கணக்கில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்றார். அதிலிருந்து பிறந்த முறை உலகெங்கும் போனது. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கச் சொல்லும் நம் ஊர் பிசியோவின் வார்த்தையில் இருப்பதும் அதுதான். அந்த ஒரு முறைதான் சரி என்று இன்று யாரும் சொல்வதில்லை. 2021-இல் 249 சோதனைகளைத் தொகுத்த கோக்ரேன் ஆய்வு, நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பயிற்சி உதவுகிறது என்றது. யோகாவோ நீச்சலோ தோட்ட வேலையோ, விடாமல் செய்வது எதுவோ அதைச் செய்யலாம்.

நாள்பட்ட வலி என்பது பழைய காயத்தின் நீட்சி மட்டும் அல்ல. மூன்று மாதம் தாண்டிய வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. பயம், தூக்கமின்மை, வேலை போய்விடுமோ என்ற நினைப்பு எல்லாம் அதில் சேர்ந்துகொள்கின்றன. ஸ்காட்லாந்து எலும்பு மருத்துவர் கார்டன் வாடெல் இதை 1987-லேயே எடுத்துச் சொன்னார். அதைச் சிகிச்சையாக்கிய சோதனை 2023-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. வலியால் முடங்கிய 492 பேரில், சிறப்புப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகளிடம் சில அமர்வுகள் போனவர்கள், வழக்கமான சிகிச்சைக்காரர்களை விட வெகுவாகத் தேறினார்கள். ஒரு வருடம் கழித்தும் அந்தத் தேற்றம் நின்றது. அறைக்குள் மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. எதைச் செய்யப் பயப்படுகிறாய் என்று கேட்டார்கள். குனிய என்றால், மூச்சைப் பிடிக்காமல், உடம்பை இறுக்காமல், கூடவே நின்று குனிய வைத்தார்கள். 2024-இல் இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வு, ஒருமுறை இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரில் படிப்படியாக நடைபழகியவர்களுக்கு வலி திரும்ப வருவது தள்ளிப்போனதைக் காட்டியது. நடக்காதவர்களுக்கு அந்த இடைவெளியின் நடுப்புள்ளி 112 நாள், நடந்தவர்களுக்கு 208 நாள்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி. நோயாளிக்கு விளக்கம், பயிற்சி, மனப்பயிற்சி, சில கைமுறைச் சிகிச்சைகள், அழற்சி குறைக்கும் மாத்திரை ஆகியவற்றை அந்த வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. இடுப்புப் பெல்ட், ட்ராக்‌ஷன், ஓபியாய்டு வலி மாத்திரை மூன்றையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது.

ஆனால் பேருந்து நிலையத்தின் பக்கத்து விளம்பரப் பலகைகள் வேறு பேசுகின்றன. 'அறுவை சிகிச்சை இல்லாமல் டிஸ்க் குணம்' என்று பெரிய எழுத்தில், கணினி பொருத்திய மேசைப் படத்தோடு. பட்டை கட்டி இழுக்கும் அந்த மேசை, கப்பியும் எடையும் போட்ட பழைய கட்டிலின் பேரன்தான். இருபது அமர்வு, மொத்தமாக முன்பணம் என்று விற்கிறார்கள். அதில் படுத்துத் தேறியவர்கள் இருக்கிறார்கள். படுக்காவிட்டாலும் அந்த நாட்களில் பெரும்பாலோர் தேறியிருப்பார்கள். அதை மேசைக்காரர் சொல்ல மாட்டார். டிஸ்க்குக்கு ஸ்டெம் செல் ஊசி விற்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, முறையான ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது.

என் கோபம் மேசைமேல் மட்டும் அல்ல. பத்து நிமிடப் பேச்சுக்குக் கட்டணம் வைக்க நம் மருத்துவமனைகளுக்கு மனமில்லை, கொடுக்க நமக்கும் மனமில்லை. ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர், வாயால் சொன்ன அறிவுரைக்கு இருநூறு ரூபாயா என்று கேட்கிறார். இத்தனை ஆண்டு ஆராய்ச்சி கண்டுபிடித்த நல்ல மருந்து அந்தப் பேச்சுக்குள்தான் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளி என்று ஓடும் புறநோயாளிப் பிரிவில் அதைக் கொடுக்க இடமில்லை.

காத்திருக்கக் கூடாத வலியும் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் கழிந்தாலோ, அமரும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றே, அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு, காரணமில்லாத எடைக் குறைவோடு, முன்பு புற்றுநோய் இருந்து, அல்லது விழுந்து அடிபட்டு வந்த முதுகு வலிக்கும் ஸ்கேன் உடனே வேண்டும். மற்றபடி, கையில் அறிக்கையோடு அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தப் படத்தில் இருப்பது என் வயதில் வலியே இல்லாதவர்களுக்கும் இருக்குமா? ஆறு வாரம் நடந்துகொண்டே பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகும்?